பழைய கண்ணாடிப் பெட்டியை ஏன் எடுத்துவிட்டோம்: வெளிநாட்டுக் கண் ஊழியத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு

போன வருஷம் வரைக்கும் சேலத்தில் எங்கள் சபை வாசலில், காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் மூக்குக் கண்ணாடிகளை அதில் போடச் சொல்லி ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு கொடுப்போம். நம் ஜனங்கள் கொடுப்பதில் குறை வைக்கிறவர்கள் இல்லை. இறந்துபோன அப்பாவின் கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுப் போட்ட அக்கா ஒருவர் உண்டு. எல்லாவற்றையும் இரண்டு டிராலிப் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் பெங்களூரு போய், அங்கிருந்து அடிஸ் அபாபா, அங்கே விமானம் மாறி ஆப்பிரிக்காவில் இருக்கும் மலாவி நாட்டில் கொண்டுபோய் இறக்கினோம். பத்து நாள் கண் சிகிச்சை ஊழியம். குழுவில் ஒரு கண் டாக்டர், ஒரு நர்ஸ், பவர் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிற வேலையை இருபது வருஷமாகச் செய்யும் நான், என்னைப் போல இன்னொருவர், மற்றபடி ஆசிரியர், கடைக்காரர், படிப்பு முடித்த பிள்ளைகள் என்று பதினோரு பேர்.

இரண்டு பெட்டியில் கொண்டுபோனதில் பெரும்பகுதி யாருக்கும் பொருந்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அது பொருந்தக் கூடாததுதான். ஒருவருடைய கண்ணாடி என்பது அவருடைய வலது கண்ணுக்கு ஒரு பவர், இடது கண்ணுக்கு வேறு பவர், அதில் சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் பவர், இருந்தால் அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், இரண்டு கருவிழிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து அவருக்கென்று செய்த பொருள். அதே நான்கு கணக்கும் ஒத்துவரும் இன்னொரு முகத்தை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எப்படித் தேடுவது? இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, கடையில் தினமும் செய்கிற வேலை, ஆனாலும் கொடுக்கிறவர்களின் மனசைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2012ல் வெளியான ஓர் ஆய்வில், நன்கொடையாக வந்த 275 பழைய கண்ணாடிகளைச் சோதித்ததில் பயன்படக்கூடிய நிலையில் இருந்தவை 7 சதவீதம்தான். அவற்றைச் சேகரித்து, கழுவி, பவர் பார்த்து, பிரித்து, அனுப்பி வைக்கிற செலவைப் பயன்படும் கண்ணாடிக்கு மட்டும் பங்கு போட்டால் புதிதாக ஒரு ரெடிமேட் கண்ணாடி கொடுப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. சரி, செலவை விடுங்கள். கீறல் விழுந்த, வேறு யாருக்கோ செய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருவர் தலைவலியோடு வீட்டுக்குப் போனால் அவர் அடுத்த தடவை கண் பரிசோதனைக்கே வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரரையும் வரவிடமாட்டார்.

அப்படியானால் உண்மையில் எந்தக் கண்ணாடி அங்கே பயன்பட்டது? நம் ஊரில் வெள்ளெழுத்து என்று சொல்கிறோமே, பெரியவர்கள் சாளேசுரம் என்பார்களே, அதற்கான கண்ணாடி. நாற்பது வயதை ஒட்டிக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நெகிழ்வு குறைந்துபோகிறது, கிட்டத்தில் இருக்கிற பொருளுக்கு ஏற்ப அதனால் மாற முடிவதில்லை. இது நோய் இல்லை, எல்லோருக்கும் வருவது. பிளஸ் 1 முதல் பிளஸ் 3 வரை இரண்டு கண்ணுக்கும் ஒரே பவரில் செய்து வைத்த சாதாரண கண்ணாடியே பெரும்பாலானவர்களுக்குப் போதும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிறவரையோ அம்மாபேட்டையில் அறுந்த பட்டு இழையை முடிச்சுப் போடுகிறவரையோ கேட்டுப் பாருங்கள், நாற்பத்தைந்து வயதில் வேலை குறைந்ததற்கு முதுகுவலியைச் சொல்வார்கள், வயசாகிவிட்டது என்பார்கள். ஒரு பிளஸ் 2 கண்ணாடியை மூக்கில் வைத்ததும் அவர்கள் கையில் இருக்கும் கொலுசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மலாவியில் ஒரு தையல்காரர் அதேபோலத்தான் ஊசியைத் தூக்கிப் பிடித்துக் காதை வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தார், நூலை ஒரே தடவையில் கோத்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் காட்டுவதற்காக உருவிவிட்டு மறுபடியும் கோத்தார்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட பார்வை அறிக்கையில், உலகத்தில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது, அதில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் கிடப்பது என்று கணக்குக் கொடுத்தார்கள். அந்த 100 கோடியில் 82 கோடி 60 லட்சம் பேருக்கு இருப்பது கவனிக்காமல் விட்ட வெள்ளெழுத்துதான். அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் 751 பேரை வைத்து நடத்தி 2018ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கிட்டத்தில் பார்க்க உதவும் வெறும் கண்ணாடி கொடுத்ததிலேயே, கொடுக்காதவர்களைவிட அவர்கள் பறிக்கும் அளவு 21 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் பழுத்த பழத்தைப் பார்த்துப் பறிக்கிற, அப்புறம் கொட்டையில் கல்லும் கறுப்பும் பொறுக்குகிற அக்காமார்களை நினைத்துக்கொண்டுதான் அந்த ஆய்வை நான் படித்தேன்.

முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மருத்துவம் படிக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை என்றுதான் நிறையப் பேர் கேட்கிறார்கள். முதலில் பெயர் எழுதுவது. அடுத்து ஆறு மீட்டர் தூரத்தில் விளக்கப்படத்தை மாட்டிப் பார்வை அளப்பது, இங்கேதான் சாதாரணத் தொண்டர் அதிகம் பயன்படுவார். எழுத்துத் தெரியாதவர்களுக்காக நாலு பக்கமும் திரும்பி நிற்கும் ஆங்கில 'E' எழுத்துப் படம் இருக்கிறது, அதன் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்டினால் போதும். எதுவுமே தெரியவில்லை என்றால் விரல் எண்ணச் சொல்வது, அதுவும் இல்லை என்றால் கை அசைவது தெரிகிறதா, கடைசியாக டார்ச் வெளிச்சம் தெரிகிறதா. பார்வை குறைவாக இருக்கிறவர் கண்ணுக்கு முன் ஊசித்துளை போட்ட ஒரு கறுப்பு அட்டையை வைப்போம். அதன் வழியாகப் பார்க்கும்போது தெளிவாகத் தெரிந்தால் அவருக்குத் தேவை பெரும்பாலும் கண்ணாடி, அப்போதும் தெரியாவிட்டால் உள்ளே புரையோ வேறு நோயோ இருக்கலாம், டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இவ்வளவு சின்ன அட்டை வரிசையையே இரண்டாகப் பிரித்துவிடும். சிச்சேவா மொழியில் எங்கள் பிள்ளைகள் முதல் நாளே நாலு வார்த்தை கற்றுக்கொண்டார்கள்: மாசோ என்றால் கண்கள், ம்வாம்பா மேலே, பான்சி கீழே, சிகோமோ நன்றி. அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிவிடலாம், ஆனால் ஒரு பாட்டியிடம் உங்கள் இடது கண் இனித் திரும்ப வராது என்று சொல்வதற்கு அது போதாது. அந்த இடத்தில் உள்ளூர் நர்ஸ் பேச வேண்டும். அவர் பேசும்போது நாங்கள் தள்ளி நின்றோம்.

இப்போது கண்புரைக்கு வருகிறேன், இதில்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. புரை எடுப்பது மருத்துவத்தில் மிகவும் பலன் தரும் அறுவைகளில் ஒன்று. முத்திப்போன புரைக்குத் தையல் இல்லாமல் சின்ன வெட்டில் செய்யும் முறையில், விலை உயர்ந்த இயந்திரம் இல்லாமல், கை தேர்ந்தவர் சில நிமிஷத்தில் ஒரு கண்ணை முடித்துவிடுவார். மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது எடுக்கிற படத்தைப் பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும், ஊழிய அறிக்கைகளில் அந்தப் படம்தான் அட்டையில் வரும். ஆனால் மறுநாளோடு வேலை முடிவதில்லை. சொட்டு மருந்து வாரக்கணக்கில் போட வேண்டும். கிருமி உள்ளே போயிருந்தால் அது அறுவைக்குப் பிறகு சில நாளில் தெரியவரும், அப்போது சில மணி நேரத்துக்குள் கவனிக்காவிட்டால் கண்ணே போய்விடும். ஒரு வாரத்தில் பார்க்க வேண்டும், ஒரு மாதத்தில் மறுபடி பார்த்துத் தேவைப்பட்டால் கண்ணாடி கொடுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் எங்கே இருப்போம்? சேலத்தில், இந்தக் கடையில்.

எங்களுக்கு முன்னால் வேறொரு குழு வந்து அறுவை செய்துவிட்டுப் போயிருந்தது. எந்த நாட்டுக் குழு, எந்தச் சபை என்பதெல்லாம் வேண்டாம். அவர்களிடம் அறுவை செய்துகொண்ட ஒரு தாயாரை மகன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறு மாதம் நன்றாகத் தெரிந்ததாம், பிறகு மெல்ல மெல்ல மறுபடியும் பனி மூடிவிட்டதாம். அறுவையில் கண்ணுக்குள் வைத்த லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய உறை சிலருக்குப் பின்னாளில் மங்கிவிடும், லேசரில் சில நிமிஷத்தில் சரிசெய்யக்கூடிய விஷயம் அது. அந்தக் குழுவின் அறுவையில் குறை எதுவும் இருந்ததாக எங்கள் டாக்டருக்குத் தெரியவில்லை. ஆனால் இப்படி ஆகலாம், அப்படி ஆகிவிட்டால் இன்ன ஊருக்கு வாருங்கள் என்று அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை, கையில் ஒரு சீட்டும் இல்லை. வெள்ளைக்காரர்கள் கொடுத்த பார்வையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டதாக மகன் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

நம் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் கண் முகாம் போட்டால் அங்கே பரிசோதனை மட்டும்தான். புரை இருக்கிறவர்களை வண்டியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, முறையான அறுவை அரங்கில் செய்து, படுக்கையும் சாப்பாடும் கொடுத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டு, குறித்த நாளில் மறுபடி பார்ப்பார்கள். ஒரு காலத்தில் இங்கேயும் பள்ளிக்கூடத்திலும் கொட்டகையிலும் வைத்து அறுவை செய்தவர்கள்தான், பட்டுத் தெரிந்துகொண்டு விட்டுவிட்டோம். நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய முறையை இன்னொரு நாட்டு ஏழைக்குப் போதும் என்று நினைப்பது எந்த வகையில் ஊழியம்? அதனால் எங்கள் டாக்டர் அந்தப் பயணத்தில் தனியாக ஓர் அறுவையும் செய்யவில்லை. புரை இருந்தவர்களை எழுதி, பக்கத்து மிஷன் மருத்துவமனையின் கண் பிரிவில் சேர்த்து, அங்கே இருக்கிற உள்ளூர்க் குழுவோடு சேர்ந்து அவர்கள் அரங்கில் உதவினார். எண்ணிக்கை குறைந்தது. சபைக்கு அனுப்பிய அறிக்கையில் இதைச் சொல்லிப் புரிய வைக்கக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.

மருந்து விஷயத்திலும் இதே கதைதான். கண் நீர் அழுத்த நோய் இருக்கிற ஒருவருக்கு ஒரு பாட்டில் சொட்டு மருந்து கொடுத்தால் அது ஒரு மாதம் வரும், ஆனால் அந்த நோய்க்கு மருந்து ஆயுள் முழுக்க. ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கே வாங்குவது என்று தெரியாமல் கொடுக்கிற பாட்டில் அவருக்கு வைத்தியம் ஆகிவிட்டது என்ற பொய்யான நிம்மதியைத்தான் கொடுக்கும். சிவந்த கண்ணுக்கெல்லாம் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுப்பது இன்னும் மோசம். உடனே சிவப்பு அடங்கும், கைராசிக்காரர் என்பார்கள், உள்ளே கருவிழியில் புண் இருந்தால் அது ஆழமாகும், தொடர்ந்து போட்டால் அழுத்தமும் ஏறும். கொண்டுபோகும் மருந்துக்குக் காலாவதி தேதி குறைந்தது ஒரு வருஷம் தள்ளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நன்கொடை விதி. சாம்பிள் மருந்தைப் பொறுக்கிப் பெட்டியில் போடுகிற பழக்கத்தை அதோடு விட்டுவிடலாம்.

நாட்டு வைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே கண்ணில் பச்சிலைச் சாறு விட்டுக் கருவிழி வெந்துபோய் வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றதும் எங்கள் குழுவில் ஒரு பிள்ளை முகம் சுளித்தது. கண்ணா, நம் வீட்டில் தாய்ப்பால் பீய்ச்சினதும் விளக்கெண்ணெய் விட்டதும் நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிந்ததும் யார் என்று கேட்டேன். மலாவியில் கண் மருத்துவம் செய்தவர்கள் நாட்டு வைத்தியர்களை விரட்டாமல் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தக் கண்ணைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது நல்ல வழி. அந்த நாட்டை நாம் நினைப்பதுபோல வெறும் கையேந்தும் இடமாகவும் பார்க்காதீர்கள். இமை உள்பக்கம் மடிந்து முடி கருவிழியை உரசியே குருடாக்கும் டிரகோமா என்ற தொற்றை, மக்கள்நலப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து மலாவி 2022ல் ஒழித்துவிட்டது, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் முதலாவதாக. இந்தியாவுக்கு அந்த அங்கீகாரம் கிடைத்தது 2024ல். மாத்திரை கொடுத்தல், முகம் கழுவுதல், தண்ணீர் வசதி, மடிந்த இமைக்குச் சின்ன அறுவை என்று வருஷக்கணக்காக ஊர் ஊராக நடந்த வேலை அது. பத்து நாளில் வந்து போகிறவர்களால் நடப்பது இல்லை.

ஜெபம், பிரசங்கம்? இதை எழுதினால் சிலருக்கு வருத்தம் வரும், ஆனாலும் சொல்கிறேன். வரிசையில் நிற்கிறவரிடம் பிரசங்கம் செய்யக் கூடாது. கண்ணாடிக்காகக் காலையில் இருந்து காத்திருக்கிற ஒருவரால் எனக்கு இது வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல முடியாது. மலாவி பெரும்பான்மை கிறிஸ்தவ நாடுதான், ஆனால் ஏரிக்கரையில் மங்கோச்சி பக்கம் முஸ்லிம்கள் அதிகம். அங்கே முதலில் ஜெபம் பிறகு பரிசோதனை என்று வைத்தால் அது நிபந்தனை ஆகிவிடும். நாங்கள் காலையில் முகாம் திறப்பதற்கு முன் எங்களுக்குள் ஜெபித்தோம். கேட்டவர்களுக்காக அவர்களோடு ஜெபித்தோம். கட்டுப்போட்ட கண்ணோடு யாரையும் படம் எடுக்கவில்லை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டருக்கும் நர்ஸுக்கும் அந்த நாட்டு மருத்துவ, நர்ஸ் கவுன்சில்களின் அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், நம் ஊர்ப் பதிவு மட்டும் செல்லாது. மருந்துக்கும் கருவிக்கும் சுங்கக் கடிதம் வேண்டும். அடிஸ் அபாபா வழியாகப் போவதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முன்பே போட்டுக்கொண்டோம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். மலேரியா மாத்திரையை மறக்க வேண்டாம்.

எங்கள் குழுவிலேயே அதிகம் பயன்பட்டவர் யார் என்று கேட்டால், நானும் இல்லை, டாக்டரும் இல்லை. ஐந்து ரோடு பக்கம் இன்வெர்ட்டர், யுபிஎஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற அண்ணன். பெயர் எழுதுகிற மேஜைக்கு ஆள் வேண்டும் என்றுதான் அவரைக் கூட்டிப்போனோம். அந்த மருத்துவமனையின் கண் பிரிவில் ஸ்லிட் லாம்ப் என்கிற பெரிய பரிசோதனைக் கருவி ஒன்று யாரோ நன்கொடையாகக் கொடுத்து, துணி மூடி மூலையில் நின்றது. என்ன கோளாறு என்று யாருக்கும் தெரியாது. இவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருகாணியைக் கழற்றி உட்கார்ந்தார். ஒரு பியூஸ், ஒரு பல்பு, உள்ளே கருகின ஒரு ஒயர். பல்பு மட்டும் அங்கே கிடைக்காதது. இங்கிருந்து நாங்கள் கொண்டுபோன கருவிக்கு மாற்றாக வைத்திருந்த பல்பையே பொருத்திவிட்டு வந்தார். அவர்கள் பிளக் நம்முடையது மாதிரி இல்லை, சதுரக் கால் மூன்று முள், அதற்கும் மாற்றி வைத்தார். கூடவே அங்கே வேலை செய்யும் ஒரு தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கழற்றவும் மாட்டவும் இரண்டு தடவை செய்ய வைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது.

வெளியில் இருந்து வந்த ஊழியம் எப்போது நின்று பலன் கொடுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டை விட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. சேலத்துக்கு லண்டன் மிஷன் வந்தது 1827ல். வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை நிலைத்ததற்கு அவர் ஆயுள் முழுக்க இங்கேயே இருந்தது ஒரு காரணம். 1909ல் நர்ஸ் பயிற்சி, 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று இங்குள்ளவர்களையே பழக்கியது அதைவிடப் பெரிய காரணம். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊர் ஆட்களே கட்டியது. ஊர்ப் பெண் பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, பரிசோதனையிலும் அரங்கிலும் பெரும்பகுதி வேலையை அவர்கள் கையில் ஒப்படைத்ததால்தான் அத்தனை ஆயிரம் பேருக்கு அங்கே பார்க்க முடிகிறது. 1992ல் தொடங்கிய அவர்களுடைய அரோலேப், பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டிருந்த கண் லென்ஸை இங்கேயே செய்து விலையைப் பல மடங்கு இறக்கியது. இன்று ஆப்பிரிக்க நாடுகளில் இருந்து டாக்டர்களும் டெக்னீஷியன்களும் மதுரைக்கு வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். சேலத்தில் இருந்து விமானம் ஏறுகிற நமக்கு இது எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் மலையிலேயே குறை இருக்கும்போது ஆப்பிரிக்கா எதற்கு என்று ஒரு பெரியவர் சபைக் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. ஏற்காட்டு மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் சிலவற்றுக்கு இன்னும் பஸ் சரியாகப் போவதில்லை, கூட வர ஆள் வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போகும், காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் முகாம் போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். அவருக்கு நான் சொன்ன பதில், இரண்டையும் ஒரே குழு செய்ய வேண்டும் என்பதுதான். வருஷத்தில் மூன்று மலை முகாமில் பேர் எழுதி, படம் மாட்டிப் பார்வை அளந்து, ஒரு மாதம் கழித்து வீடு தேடிப் போய் எப்படித் தெரிகிறது என்று கேட்டுப் பழகாத யாரையும் இனி வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

இந்த வருஷம் பதினோரு பேர் இல்லை, ஆறு பேர்தான் போகிறோம். எப்போது வர வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று அந்த மருத்துவமனையையே கேட்டோம், அவர்கள் அனுப்பிய பட்டியலில் ஸ்லிட் லாம்ப் பல்பு ஒரு டஜன் என்று முதல் வரியிலேயே இருந்தது. மிச்சமான டிக்கெட் காசில், அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணி கழற்றிய தம்பியைக் கண் கருவி பராமரிப்புப் பயிற்சிக்கு மதுரைக்கு வரவழைக்கக் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது, அவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். அட்டைப் பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு சின்ன அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம்: பழைய கண்ணாடி வேண்டாம், ஒரு புதுப் படிப்புக் கண்ணாடிக்கான காசு கொடுங்கள். அப்பாவின் கண்ணாடியைக் கொடுத்த அக்காவிடம் மட்டும் நானே நேரில் போய் விஷயத்தைச் சொல்லி, அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.